இருபத்தொரு முடிச்சும் ஒரு கைத்துப்பாக்கியும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தேவையில்லாத இடத்தில் உண்மை பேசியிருக்கிறேன். மற்றபடி எல்லாரையும் போல அளவாகப் பொய் சொல்லி, நல்ல பெயரோடு வாழ்ந்து வருகிறவள்தான். அந்த ஓர் உண்மை என்னை ஒரு துப்பாக்கி சுடும் போட்டியிலிருந்து வெளியே தள்ளியது. யாரும் மிரட்டிக் கேட்கவில்லை. நானாகவே, தெளிவான ஜேர்மன் மொழியில், ஒரு பிழையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டத்தை நோக்கி, பயறளவு ஈயக் குண்டு ஒன்றைக் காற்றால் தள்ளுகிற கைத்துப்பாக்கி. ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இரண்டு கையிலும் முடக்குவாதம் வந்து நான்கு வருடம். ஜாம் போத்தலைத் திறக்க முடியாது, பால் பெட்டியைச் சரிக்க முடியாது, காலையில் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டும். இந்தச் சீரில்தான் துப்பாக்கி தூக்கப் போனேன். (விசர் எண்டு சொல்ல வேற அத்தாட்சி வேணுமோ?)

நான் பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் வளர்ந்தவள். மூன்றரை வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, பல் கட்டும் ஆய்வுகூடம் ஒன்றில் பொய்ப்பல் செய்யும் வேலையில் இருந்தேன். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை மெழுகில் செதுக்குவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு விரல்கள் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கின. ஆய்வுகூடத்தார் மிகவும் அன்பாக என்னை மேசையிலிருந்து எழுப்பி, முன்வாசலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பூச்செண்டு கூடக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அதை இன்றுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

ஊட்டாவைச் சந்தித்தது கைப்பயிற்சி வகுப்பில். வளர்ந்த மனிதர்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பச்சை நிற மாவுருண்டையைப் பிசைகிற வகுப்பு அது. ஊட்டா சக்கர நாற்காலியில் இருந்தாள், என் வயதுதான். வலக்கை தோளுக்கு மேலே எழும்பாது. ஊர் துப்பாக்கி சுடும் ஃபெரைனில், அதாவது சங்கத்தில், உடல் ஏலாதவர்களுக்கான பிரிவு அவள் பொறுப்பு. மாவுருண்டையை வெறுப்போடு மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“உன் சுட்டுவிரல் அசையுமா?”

“அசையும்.”

“போதும். மிச்சத்துக்குக் கயிறும் ஆணியும் இருக்கிறது. வியாழக்கிழமை வா.”

உண்மையாகவே கயிறும் ஆணியும்தான். சுடுகிற மேசைக்கு மேலே ஒரு இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு தோல் வார். அந்த வாருக்குள் முன்கையை விட்டால் கையின் பாரத்தைக் கயிறு தூக்கிக்கொள்ளும், குறி பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு. வலக்கை இன்னும் மோசம் என்பதால் இடக்கையால் சுடப் பழகினேன். குண்டை விரலால் பிடிக்க முடியாததால் பல் வேலைக்கு வைத்திருந்த இடுக்கியால் எடுத்துப் போட்டேன். துப்பாக்கியின் மரப்பிடி என் கோணல் விரல்களுக்குள் அடங்கவில்லை. விடுவேனா? பல் அச்செடுக்கும் பசையை உள்ளங்கையில் வைத்து அமுக்கி, என் கைக்கென்றே ஒரு பிடி வார்த்தேன். கையில் இருந்தது பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புக் கலவை மட்டும்தான். ஆகவே என் துப்பாக்கிக்குப் பல்முரசு முளைத்தது. சங்கத்தில் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எப்போது பல் முளைக்கும் என்று கேட்டார். ஜேர்மன்காரர் நகைச்சுவை இவ்வளவுதான், ஆனால் நான் மனம் நிறைந்து சிரித்தேன்.

என் கணவருக்கு இந்தச் செய்தி அவ்வளவு நிறைவாக இறங்கவில்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் இஞ்சை வரிசையிலை நிண்டு துவக்கு எடுக்கிறீரோ?”

“இது காத்துத் துவக்கு. ஆளை ஒண்டும் செய்யாது.”

“கை ஏலாது எண்டு தேத்தண்ணி போடுறது நான். உடுப்புக் காயப்போடுறது நான். துவக்குத் தூக்க மட்டும் அந்தக் கை ஏலுமோ?”

நியாயமான கேள்விதான். அதனால் கோபப்பட்டேன்.

ஆனால் ஒரு வியாழக்கிழமை என்னை ஏற்றிப் போக வந்தவர், கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் சுடுவதைப் பார்த்துவிட்டார். அடுத்த நாள் அவருடைய பேருந்து நிலையத்தில் நான் ஒலிம்பிக்குக்குப் போகப்போவதாகச் செய்தி பரவியிருந்தது.

நவம்பரில் வட்டாரப் போட்டி வர இருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும். மேசையை விட்டு எழுப்பப்பட்ட இந்தக் கை இன்னும் ஏதோ ஒன்றுக்கு உதவும் என்று ஒரு தாளில் அச்சாகி வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

என் ஆசையைக் கண்ட கணவர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். கேதார கௌரி விரதம் பிடித்தார். “உம்மட கைக்காகத்தான்” என்றார். இருபத்தொரு நாள், பகலில் ஒன்றும் உண்ணாமல், மாலையில் ஒரே ஒரு நேரச் சாப்பாடு. அவர் சத்தமில்லாமல் பசி கிடக்கத் தெரியாத மனிதர். அவருடைய பேருந்தில் ஏறிய ஒருவருக்கும் இந்த விரதம் தெரியாமல் போயிருக்காது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஒரு நாள் கூடத் தவறவில்லை. தீபாவளியன்று கோயிலில் ஐயர் அவருக்கும் எனக்கும் காப்புக் கட்டினார். மஞ்சள் பூசிய நூல், அதில் இருபத்தொரு முடிச்சு. ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. அடுத்த விரதம் வரை கழற்றக் கூடாது.

இடக்கை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை.

போட்டி நாள் காலை பரிசோதனை மேசை. அதன் பின்னால் ஹெர்ர் லோரென்ஸ் இருந்தார். ஓய்வு பெற்ற நில அளவையாளர், மீசையைக் கூட அளந்து வெட்டியிருந்தார். துப்பாக்கியை எடை போட்டார். விசையில் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பல்முரசுப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சரி என்றார். பிறகு என் உதவிப் பொருள் அட்டையை எடுத்தார். எங்களைப் போன்றவர்கள் என்னென்ன துணையோடு சுடலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த அட்டை அது. முக்காலி, இருக்கிறது. தொங்கு கயிறு, இருக்கிறது. இடுக்கி, இருக்கிறது. அட்டையில் இல்லாத ஒன்று அந்த மண்டபத்திலேயே இருக்கக் கூடாது.

“இது என்ன?” என்றார். பென்சில் நுனி என் மணிக்கட்டைக் காட்டியது.

சுடுகிற கையின் மணிக்கட்டில் கடிகாரம், வளையல், பட்டி எதுவும் இருக்கக் கூடாது. மணிக்கட்டுக்குத் தாங்கு கொடுத்துவிடும் என்பது விதி. விதி எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வளையல்களைக் காரிலேயே கழற்றி வைத்திருந்தேன். ஆனால் காப்பும் ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிய அன்றிலிருந்து அது என் தோலோடு சேர்ந்துவிட்டது.

“நூல்” என்றேன்.

“அது தெரிகிறது. அட்டையில் இல்லை.”

“இது கோயில் நூல். கழற்ற முடியாது.”

ஹெர்ர் லோரென்ஸ் இழுப்பறையிலிருந்து மிகவும் மரியாதையாக ஒரு கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். முழுக் கையையும் தூக்கிப் பிடிக்கிற கயிற்றுக்கு முத்திரை குத்தித் தந்திருக்கிறார்கள், ஒரு துண்டு நூல் மட்டும் குற்றமாம். இதை நான் ஊட்டாவிடம் சொல்ல, ஊட்டா அவரிடம் கத்தினாள். பதினைந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு சமரசம் பிறந்தது. இந்த நாட்டில் சமரசம் எப்போதும் தாள் வடிவத்தில்தான் பிறக்கும். நூல் உதவிப் பொருள் அல்ல என்று நான் எழுதிக் கொடுத்தால் அதோடு சுடலாம்.

ஹெர்ர் லோரென்ஸே வாசகத்தைச் சொல்ல நான் எழுதினேன். “என் இடது மணிக்கட்டில் உள்ள பருத்தி நூல் எந்த வகையிலும் எனக்கு உதவுவதில்லை. அது உதவும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.”

இரண்டாவது வசனத்தில் பேனா கொஞ்சம் நின்றது. சுற்றிப் பார்த்தேன். கணவர் இல்லை, காரை நிறுத்தப் போயிருந்தார். ஆள் பார்க்கவில்லைத்தானே என்று கையெழுத்துப் போட்டேன். விரதம் பிடித்தவருக்கு ஜேர்மன் தாளா வாசிக்கக் கிடைக்கப்போகிறது? (எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கோ.)

பிறகு சுட்டேன். நாற்பது குண்டு, ஐம்பது நிமிடம். வழக்கமாக நானூறுக்கு முந்நூற்று இருபது எடுப்பேன், கை நல்ல குணத்தில் இருந்தால் முந்நூற்று முப்பது. அன்று என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விரல்கள் நோகவில்லை. கயிறு ஆடவில்லை. வட்டம் தானாக வந்து குறிக்குள் உட்கார்ந்தது. முந்நூற்று ஐம்பத்தெட்டு! மூன்றாம் இடம். திரையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் நீளமான பெயரில் இரண்டு எழுத்தை விட்டிருந்தார்கள். அதற்காகக் கூடக் கோபம் வரவில்லை.

அந்த நேரத்தில் உணவகத்தில் என் கணவர் ஒரு தட்டு உருளைக்கிழங்கு சலாட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ஜேர்மன், பேருந்தில் கற்ற ஜேர்மன். சுருக்கமாக இருக்கும், கடைசி இருக்கை வரை கேட்கும்.

“என் மனைவி! மூன்றாம் இடம்! இருபத்தொரு நாள் நான் சாப்பிடவில்லை. பிறகு நூல். கையில் நூல் கட்டினோம். நூல் இல்லையென்றால் அவளுக்குக் கரண்டி பிடிக்கவும் முடியாது. நூல்தான் சுட்டது!”

அவர் இதைச் சொன்ன நான்காவது மேசையில், முப்பது நிமிடத்துக்கு முன்னால் வரை மூன்றாம் இடத்தில் இருந்த பெண்மணி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பியை முடித்துவிட்டு, அமைதியாக எழும்பிப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

கால் மணி நேரத்தில் எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்கக் கேடயங்கள். மேசைக்குப் பின்னால் ஹெர்ர் லோரென்ஸும், வாய் திறக்காத இரண்டு பேரும். இந்தப் பக்கம் நான், ஊட்டா, சலாட் தட்டைக் கீழே வைக்க இடம் தெரியாத என் கணவர்.

“ஹெர்ர் தயாபரன், இந்த நூல் உங்கள் மனைவிக்குச் சுட உதவியது என்று உணவகத்தில் சொன்னீர்களா?”

“சொன்னேன்!” என்றார் பெருமையாக. ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஹெர்ர் லோரென்ஸ் என் தாளை எடுத்து, இரண்டு வசனத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எனக்குத் தரையில் இருந்த ஒரு திருகாணி திடீரென்று மிகவும் பிடித்துப்போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணவர் என் பக்கம் திரும்பினார். “இதை நீர் எழுதிக் குடுத்தனீரோ?”

“அது சும்மா ஒரு ஃபோர்முலார். எழுதாட்டி வெட்டிப் போடுவம் எண்டு நிண்டவை.”

“உதவேல்லை எண்டு எழுதினதைக் கூட விடும். எதிர்பார்க்கவும் இல்லையோ?”

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. இருபத்தொரு நாளும் பேருந்து நிலைய உணவகத்தில் மற்றவர்கள் சாப்பிட, தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த மனிதர்.

“தயவுசெய்து ஜேர்மனில் பேசுங்கள்” என்றார் ஹெர்ர் லோரென்ஸ். “ஹெர்ர் தயாபரன், கேள்வி எளிது. நூல் உதவுகிறது என்றால் உங்கள் மனைவி போட்டியிலிருந்து நீக்கப்படுவார். உதவவில்லை என்றால் முறைப்பாடு தள்ளுபடி. உங்கள் பதில்?”

கணவர் என் கையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது அதில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

“நைன்” என்றார். “உதவவில்லை. நான் பகிடிக்குச் சொன்னேன். பேருந்துக்காரர் பகிடி.”

தன் இருபத்தொரு நாளையும் எனக்காக ஒரே சொல்லில் கழித்து விட்டுவிட்டார். ஹெர்ர் லோரென்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டார், பேனாவை மூடினார். ஊட்டா என் முழங்கையை இடித்தாள். எல்லாம் முடிந்தது. மாநிலப் போட்டி. வாழ்க்கை அழகானது.

அப்போதுதான் என் கணவர் சலாட் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பட், பட், பட். சாமி அறையில் செய்கிற மாதிரி, உதடு முணுமுணுக்க.

ஹெர்ர் லோரென்ஸின் பேனா மறுபடி திறந்தது. “அவர் ஏன் தன்னைத் தானே அடித்துக்கொள்கிறார்?”

அவர் கேட்டது என்னை. நான் சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அப்பாவின் வைத்தியரிடம், அம்மாவின் அலுவலகங்களில், எல்லா இடத்திலும் கேட்ட கேள்விக்கு விளக்கமாகப் பதில் சொல்லிப் பழகிய வாய் இது. மூளையிடம் அனுமதி கேட்காது.

“அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார்” என்றேன்.

“எதற்கு?”

“பொய் சொன்னதற்கு.”

ஊட்டா சக்கர நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். வாய் திறக்காத இரண்டு பேரில் ஒருவர் முதன்முறையாக வாய் திறந்தார், சிரிப்பதற்காக. நான் என் வசனத்தின் அழகை ஒரு கணம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். புரிந்ததும், மேலும் விளக்கம் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்து, எங்கள் ஊரில் சின்னப் பொய்க்கு மூன்று தரமும் பெரிய பொய்க்கு அதற்கு மேலும் போட்டுக்கொள்வோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஹெர்ர் லோரென்ஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

நீக்கப்பட்டேன். முந்நூற்று ஐம்பத்தெட்டும் என் பெயரோடு திரையிலிருந்து போயிற்று. மண்டப வாசலில் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கி, மிகவும் நேர்மையான விளையாட்டு வீராங்கனை என்று பாராட்டினார். அதுதான் அன்று எனக்குக் கிடைத்த பதக்கம்.

காரில் பாதி வழி வந்தோம். பிறகு அவர் கேட்டார்.

“நான் பொய் சொன்னது உமக்காக. நீர் உண்மை சொன்னது ஆருக்காக?”

எனக்கு முதலில் அழுகை வந்தது, அதற்குள் சிரிப்பு வந்து முந்திக்கொண்டது. அவரும் சிரித்துவிட்டார். பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். “நான் எதிர்பார்த்தனான்” என்றேன் அவரிடம். “எழுதின நேரத்திலையும் எதிர்பார்த்தனான்.” அவர் தலையை மட்டும் ஆட்டினார். போய் எனக்கொரு தேத்தண்ணி வாங்கி, மூடியையும் திறந்து கொண்டுவந்து கையில் தந்தார்.

இந்தக் கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊட்டா விடுகிற ஆள் இல்லை. அடுத்த மாதமே நூலை உதவிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், ஒன்று எழுதி அனுப்பினாள். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. நூலின் நீளம், தடிப்பு, முடிச்சுகளின் எண்ணிக்கை தேவையாம். கணவர் அளவுநாடாவோடு என் மணிக்கட்டில் குனிந்து அளந்து எழுதினார். இப்போது என் அட்டையில் முக்காலி, தொங்கு கயிறு, இடுக்கி ஆகியவற்றுக்குக் கீழே, “பருத்தி நூல், மஞ்சள், இருபத்தொரு முடிச்சு, இடது மணிக்கட்டு” என்று அச்சாகி முத்திரையும் விழுந்திருக்கிறது. அதன் பிரதி ஒன்றைக் கணவர் கண்ணாடி போட்டுச் சாமி அறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, “அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது” என்கிறார்.

சட்டப்படியான நூலோடு அதன் பிறகு பல போட்டிகளில் சுட்டுவிட்டேன். முந்நூற்று முப்பதைத் தாண்டவில்லை. “பொறுப்பை அவை எடுத்தாப் பிறகு அம்மனுக்கு என்ன வேலை?” என்பது கணவரின் விளக்கம். மாநிலப் போட்டி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் கவலையில்லை என்றுதான் சொல்வேன்.

எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் இந்தக் கதை மனப்பாடம். யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, கறி எப்படி என்று கேட்பார்கள். “திறம், நல்ல ருசி” என்பார் என் கணவர், பழக்கதோஷத்தில் கை மெல்லக் கன்னத்துக்குப் போகும். உடனே மேசையைச் சுற்றியிருக்கிற எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள்.